சிவப்பு எம்டி நைன்ட்டியும் தோட்டத்து ரோடும்

நேயர்களுக்கு வணக்கம்.

மலைநாட்டில் மோட்டார் சைக்கிளில் சுற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்திருந்தார்கள். தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கிளம்பிவிடுவோம். ஒருவர் மரக்கறி லொறி ஓட்டுகிறார், ஒருவர் ஆஸ்பத்திரியில் வேலை, இருவர் கொழும்பில் கடையில் நின்றுவிட்டு ஊர் திரும்பிய தம்பிமார். ஆறாவது ஆள் கராஜ் வைத்திருக்கிற பாஸ். அவர் இல்லாவிட்டால் மற்ற ஐந்து வண்டியும் ஓடாது. பெரிய வண்டி யாரிடமும் இல்லை. நூறு, நூற்றைம்பது சிசிக்குள்தான் எல்லாம்.

என்னுடையது ஹொண்டா எம்டி நைன்ட்டி. மலைநாட்டு ஆட்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நுவரெலியாப் பக்கம் லீக்ஸ் மூட்டையும் கரட் மூட்டையும் பின்னால் கட்டிக்கொண்டு செங்குத்தான பாதையில் முனகாமல் ஏறுகிற சின்ன வண்டி அதுதான். கிளச் பிடி கிடையாது, காலால் கியரை மிதித்தால் போதும். 1958 முதல் ஹொண்டா செய்துவருகிற கப் வண்டியின் வழியில் வந்தது. ஜப்பானில் தபால்காரர்களுக்காகவே இதைச் செய்தார்கள். அங்கே வேலை முடிந்த பிறகு கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தவை ஏராளம்.

வெலிமடைக்குப் போகிற வழியில் ஒரு மரக்கறித் தோட்டத்தில், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்ததை 2019இல் வாங்கினேன். அப்போது அது பச்சை நிறம். தூரிகையால் அடித்த பச்சை, தூரிகையின் மயிர்கூட இரண்டு மூன்று பெயின்டோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. எமரி பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கத் தொடங்கினேன். பச்சைக்குக் கீழே நீலம். நீலத்துக்குக் கீழே, சைட் கவரின் ஓரத்தில், நகம் அளவுக்கு ஒரு சிவப்பு எட்டிப் பார்த்தது. ஜப்பான் தபால் வண்டியின் சிவப்பு. அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஏன் என்றால், எங்கள் அப்பாவும் தபால் சுமந்தவர். தோட்டத்து ஆபீஸில் பையை வாங்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் டவுனுக்கு இறங்குவார். தபால் கந்தோரில் வந்த கடிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி மேலே ஏறுவார். மழை, பனி, அட்டைக்கடி எல்லாம் தாண்டித் தினமும் இதே நடை. ஆனால் எந்தக் கடிதத்தையும் அவர் நேரே ஆளிடம் கொடுக்க முடியாது. லயத்துக்கு, அதாவது நாங்கள் இருந்த தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, விலாசம் கிடையாது, பை ஆபீஸுக்குத்தான் போகும். அங்கிருந்து எப்போது கைக்கு வருகிறதோ அப்போதுதான் கடிதம். எனக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் ஒன்றை அப்பாவே சுமந்து வந்திருக்கிறார். பைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆபீஸ் மேசையில் கிடந்து, பரீட்சை நாள் கழிந்த பிறகு அது என் கைக்கு வந்தது. ஜப்பானில் ஒவ்வொரு வாசலிலும் நின்று கடிதம் கொடுத்த வண்டி எங்கள் லயத்து வாசலில் நிற்கிறது என்றால் எனக்கு என்னவெல்லாம் தோன்றும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தச் சிவப்பையே திரும்ப அடித்தேன்.

சரி, வேலைப்பாட்டுக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் புது வண்டி என்பது கனவு, பழையதைத்தான் பிழைக்க வைக்க வேண்டியிருந்தது. டாங்குக்குள் துரு. ஒரு கைப்பிடி நட்டும் பழைய செயின் துண்டும் போட்டு, தண்ணீர் ஊற்றி, நானும் லொறிக்கார அண்ணனும் மாறி மாறிக் குலுக்கினோம். முதலில் தேத்தண்ணிச் சாயம் மாதிரித் தண்ணீர் வந்தது, நாலாவது தடவைதான் தெளிந்தது. அப்புறம் பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேட்டர். அதில்தான் நான் பெரிய பாடம் படித்தேன்.

கொழும்பில் பார்ட்ஸ் எடுத்தபோது, கடையில் சொன்ன ஜெட்டை, அதாவது காபரேட்டருக்குள் பெற்றோல் போகிற சின்னத் துளை உள்ள உறுப்பை, வாங்கிப் போட்டேன். கீழே அது சரியாகத்தான் இருந்திருக்கும். தலவாக்கலையிலும் சமாளித்தது. நானுஓயா தாண்டி ஏறும்போது வண்டி இருமத் தொடங்கியது. திரொட்டிலைத் திருகத் திருக இழுவை குறைந்தது, சைலன்சரில் கறுப்புப் புகை. பாஸ் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அடுப்புக் கரி பூசின மாதிரிக் கறுத்திருந்தது. "சேர், நீங்க வண்டிக்குச் சாப்பாடு அதிகமா குடுக்குறீங்க, மூச்சு விட காத்து குடுக்கல" என்றார்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்று குறைகிறது, காபரேட்டருக்கு அது தெரியாது, அது பழைய கணக்கில் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. எரியாத பெற்றோல் கரியாகப் பிளக்கில் படிகிறது. ஒரு அளவு சிறிய மெயின் ஜெட் போட்டதும் சரியாகிவிட்டது. பிளக்கின் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கலவை சரி. கறுப்பென்றால் பெற்றோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம். புது வண்டிகளில் இன்ஜெக்ஷன் இருப்பதால் அதுவே கணக்குப் பார்த்துக்கொள்ளும். ஆனாலும் காற்று குறைந்தால் இழுவை குறையத்தான் செய்யும். கீழ்நாட்டிலிருந்து வருகிற தம்பிமார் வண்டி பழுதாகிவிட்டது என்று பயப்படத் தேவையில்லை.

ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குக் கவலை. நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குகிற ரோடு அழகானது. தேயிலை மலை, அருவி, கீழே கொத்மலை நீர்த்தேக்கம். ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்குகிறோம் என்பதே தெரியாது. எங்கள் தம்பி ஒருவன் அந்த இறக்கம் முழுவதும் பின் பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தான். ரம்பொடை வளைவு ஒன்றில் எனக்கு முன்னால் தீய்ந்த நாற்றம். நிறுத்திப் பார்த்தால் பின் சில்லின் டிரம்மிலிருந்து புகை. பெடலை மிதித்தால் அடிவரை போகிறது, வண்டி நிற்கவில்லை. போத்தல் தண்ணீரை எடுத்து ஊற்றப் போனவனைப் பாஸ் கையைப் பிடித்துத் தடுத்தார். சூடேறிய வார்ப்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடித்துப்போகலாம். அரை மணி நேரம் உட்கார்ந்து, அதுவாக ஆறியபிறகே கிளம்பினோம். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் வளைவுக்கு மட்டும். நியூட்ரலில் விட்டு பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன் என்பவர்களைக் கண்டால் எனக்கு உண்மையில் நெஞ்சு பதறுகிறது.

இப்போது எங்கே போவது என்பதைச் சொல்கிறேன். எல்லாரும் எல்ல என்கிற ஊரைச் சொல்கிறார்கள், ஒன்பது வளைவுப் பாலம் என்கிறார்கள். நல்ல இடம்தான், போய்ப் பாருங்கள். ஆனால் என் மனதுக்கு நெருக்கமான ரோடுகளை நான் கண்டுபிடித்தது 2022இல், பெற்றோல் இல்லாத காலத்தில். பெற்றோலைப் பங்கிட கியூஆர் கோட் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கிழமைக்கு நான்கு லீற்றர். பாடசாலைக்குப் போய் வந்தது போக மிஞ்சுவது ஒரு லீற்றரோ என்னவோ. அந்த ஒரு லீற்றரில் தூரம் போக முடியாது என்பதால், பிறந்ததிலிருந்து பஸ் ஜன்னல் வழியே மட்டும் பார்த்த தோட்டத்து ரோடுகளுக்குள் நுழைந்தோம். லிந்துலையிலிருந்து அக்கரப்பத்தனை, டயகம பக்கம். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை, உடப்புசல்லாவை. வீட்டுக்குப் பக்கத்திலேயே இவ்வளவு இருந்ததா என்று இருந்தது.

தோட்டத்து ரோடு ஒரு கொழுந்து லொறியின் அகலம்தான். வெள்ளைக்காரன் காலத்தில் மலையின் இடுப்பைச் சுற்றி வெட்டியது, வெட்டியவர்கள் எங்கள் பாட்டன் பூட்டன். சரிவு ஒரே சீராக இருக்கும், வளைவு திடீரென்று மடங்காது, சின்ன வண்டிக்கு அளவெடுத்த மாதிரி. மேல்மலையில் கொழுந்து பறிக்கிறவர்களின் பேச்சு வண்டிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடிக்க வேண்டும், ஏறி வருகிற வண்டிக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் லொறி நின்றால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். அங்கே நிறுவையில் இருப்பது ஒருவருடைய அன்றைய கூலி. வாசலில் காவல்காரர் இருந்தால் ஹெல்மட்டைக் கழற்றி முகம் காட்டி அனுமதி கேளுங்கள். அப்புறம், கொழுந்துக் கூடையோடு நிற்கிற அம்மாவைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது என் அம்மா நின்ற மலை, ஆகையால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

மழைக் கணக்கு ஒன்று உண்டு. மே மாதத்திலிருந்து தென்மேல் மழை ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தை ஊறவைக்கும். கொங்கிரீட் ரோட்டில் பாசி பிடித்து, முன் பிரேக்கைத் தொட்டாலே சில்லு வழுக்கும். அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில் காய்ந்த காற்று வீசும். ஆகவே ஜூலை முதல் செப்டெம்பர் வரை பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் போங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை எங்கள் பக்கம் வாருங்கள். ஊவாத் தேயிலையும் எங்கள் பக்கத்து டிம்புளைத் தேயிலையும் மணம் கூடுகிற மாதங்களும் இவைதான். தேயிலைக்குப் பிடித்த வெயில் பைக்குக்கும் பிடிக்கிறது.

அப்புத்தளையில் ஒரு விடியற்காலையை மட்டும் ஒதுக்கி வையுங்கள். தேயிலை வியாபாரி லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதென்னை ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, வரை ஒரு ரோடு, அதற்குமேல் லிப்டன் சீட் என்கிற மலையுச்சி வரை இன்னும் ஒடுங்கிய ரோடு. காலை ஒன்பது, பத்து மணிக்கு மூட்டம் ஏறிவிட்டால் எதுவும் தெரியாது. ஆறு மணிக்கே மேலே நின்றால் தெற்கே மலை முடிந்து சமவெளி விரிவதைப் பார்க்கலாம். இறங்கும்போது வழிக் கடையில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிடுங்கள்.

எங்கள் பக்கம் வந்தால் ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியா. மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போய்விட்டது. வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோவிலின் மிச்சம் மேலே வரும். போன தடவை நாங்கள் வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டு, வெடித்த சேற்றில் நடந்து போய்ப் பார்த்தோம். ஒரு தாத்தா கற்பூரம் ஏற்றிக்கொண்டு நின்றார். பின்னால் சிவனொளிபாதமலை தெளிவாகத் தெரிந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. நோர்வூட்டிலிருந்து மறுபக்கம் திரும்பினால் பொகவந்தலாவை. புகைப்படக்கலையில் பெயர் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் 1879இல் நம் மலைநாட்டில் காலமானார், பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்தில்தான் அடக்கம். அங்கிருந்து பலாங்கொடைக்கு இறங்குகிற ரோடும் உண்டு.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபிறகு இந்த ரோடுகளில் பல பழைய மாதிரி இல்லை. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண் சரிந்து எத்தனையோ பேரைக் கொண்டுபோனது உங்களுக்குத் தெரியும். ஆகவே கிளம்புமுன் அந்தந்த ஊர் ஆட்களிடம் ரோட்டைக் கேளுங்கள். மழைக்குப் பிறகு வளைவின் உள்பக்கம் மணல் கிடக்கும், வெளிப்பக்கம் ஓரம் பிளந்திருக்கும்.

அந்த நாட்களில் எங்கள் பக்கம் பஸ் வரவில்லை, வான் வண்டியும் போக முடியவில்லை. சரிந்த மண்ணுக்கு மேல் ஆட்கள் நடந்து நடந்து ஓரடிப் பாதை விழுந்திருந்தது. அதில் எம்டி நைன்ட்டி போகும். ஆஸ்பத்திரி அண்ணன் மருந்துப் பொட்டலங்களில் பெயர் எழுதித் தருவார், நாங்கள் தபால் தட்டில் மாவும் பருப்பும் மருந்தும் கட்டிக்கொண்டு போவோம். பொட்டலத்தில் பெயர் இருக்கும், விலாசம் இருக்காது. லயத்துத் தொங்கலில் வண்டியை நிறுத்திவிட்டு, எந்தக் காம்பரா, அதாவது லயத்தில் எந்த அறை, என்று கேட்டுக் கேட்டு நடக்க வேண்டும். ஒரு வாசலில் சீனி வியாதி மருந்துக்குக் காத்திருந்த பாட்டி, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நீ தபால்காரர் மகன்தானே?"

"ஓம் பாட்டி."

"கையிலயே கொண்டாந்து குடுத்துட்டியே" என்று சொல்லிவிட்டு, மழையில் நனையாமல் உள்ளே வரச் சொன்னார். சாயத் தேத்தண்ணி தந்தார், சீனி எனக்கு மட்டும்.

வருகிற ஞாயிறு இராகலைப் பக்கம் போகிறோம். காலை ஆறரைக்குத் தலவாக்கலையில் சேர்வோம். வருகிறவர்கள் ஹெல்மட்டும், மழைக் கோட்டும், ஒரு பிளக் ஸ்பேனரும் கொண்டுவாருங்கள். வணக்கம்.