ரசமட்டமும் வடக்கும்: பழைய ட்ரோனை மறுபடி பறக்கவிடுதல்

நேயர்களுக்கு வணக்கம்.

பல வருடம் பரணில் கிடந்த ட்ரோன் ஒன்று உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஆசையாக வாங்கி, இரண்டு முறை பறக்கவிட்டு, மூன்றாம் முறை மரக்கிளையில் சிக்கியதும் மனம் விட்டுப்போய் மூட்டை கட்டி வைத்தது. தூசி தட்டுகிறீர்கள். பேட்டரியை மாட்டுகிறீர்கள். விளக்கு மினுக்குகிறது. உடனே அதைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளிக்கு ஓடத் தோன்றும். அந்த ஆசையை ஒரே ஒரு நாள் தள்ளிப்போடுங்கள் என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஏன் என்று சொல்ல 1907-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். பிரான்சில் பிரெகே சகோதரர்களும் ஷார்ல் ரிஷே என்ற பேராசிரியரும் சேர்ந்து, நான்கு மூலையிலும் சுழலும் இறக்கைகள் வைத்த ஒரு பெரிய இயந்திரத்தைக் கட்டினார்கள். உள்ளே ஆளை வைத்துக்கொண்டே அது தரையை விட்டு எழும்பியது. ஆனால் சாய்ந்துவிடாமல் இருக்க நான்கு மூலையிலும் ஆட்கள் நின்று பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான்கு இறக்கைகளும் ஒரே அளவாகத் தூக்குவதே இல்லை; ஒன்று கொஞ்சம் கூடும், ஒன்று கொஞ்சம் குறையும். அந்த வித்தியாசத்தை மனிதக் கை சரிக்கட்டுவதற்குள் இயந்திரம் கவிழ்ந்துவிடும்.

அந்த ஆட்களின் வேலையை இன்று நகக்கண் அளவுள்ள ஒரு சில்லு செய்கிறது. அதற்குள் ஜைரோ இருக்கிறது: எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று சொல்லும். ஆக்சிலரோமீட்டர் இருக்கிறது: பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது, அதாவது கீழே என்பது எது என்று சொல்லும். இவை இரண்டும் சொல்வதைக் கேட்டு, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நான்கு மோட்டாரின் வேகமும் மாறுகிறது. நீங்கள் ரிமோட்டின் ஸ்டிக்கை அசைப்பது ஒரு விருப்பத்தைத் தெரிவிப்பது மட்டுமே. பிடித்து நிறுத்துகிற வேலை முழுக்க அந்தச் சில்லுடையது. அது தப்பாக நம்பிக்கொண்டிருந்தால், எத்தனை திறமையான கையும் மல்லுக்கட்டத்தான் வேண்டும். பரணில் வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டுக் கிடந்த சென்சார், கொஞ்சம் தப்பாக நம்பத் தொடங்கியிருக்கும். அதை உட்காரவைத்து மறுபடி சொல்லிக்கொடுப்பதற்குப் பெயர்தான் கேலிபரேஷன்.

கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். குமிழி நடுவில் நின்றால் சமம். ஆனால் அந்த ரசமட்டமே கோணலாக இருந்தால், அதை நம்பிக் கட்டிய சுவர் எல்லாம் கோணல். ட்ரோனுக்கு மட்டம் சொல்லிக்கொடுக்கும்போது, நாம்தான் அதற்கு ரசமட்டம் தயாரித்துக் கொடுக்கிறோம். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற மேஜையை நம்பாதீர்கள். ஒரு சின்ன ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். ஒரு காலுக்கு அடியில் காகிதம் மடித்து வைக்க வேண்டியிருந்தால் வையுங்கள். மேஜை இரண்டே டிகிரி சாய்ந்திருந்தது, அதையே மட்டம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள் என்றால் என்ன ஆகும்? செயற்கைக்கோள் உதவியால் தன் இடத்தை அறியும் ஜி.பி.எஸ். இல்லாத ட்ரோன் அந்த இரண்டு டிகிரி சாய்வோடே நிற்கப் பார்க்கும். காற்றே இல்லாவிட்டாலும் மூன்று நொடியில் சுமார் ஒன்றரை மீட்டர் நகர்ந்திருக்கும், வேகமும் கூடிக்கொண்டே போகும். வீட்டுக்குள் பறக்கவிட்டால் சுவரில் மோத அது போதும்.

இன்னொன்று. சென்சார் மட்டம் படிக்கிற அந்தச் சில நொடிகளில் மேஜையைத் தொடாதீர்கள், பக்கத்தில் நடக்கக்கூட வேண்டாம். ஜைரோவுக்கு அப்போதுதான் 'இதுதான் அசையாமல் இருப்பது' என்று பதிகிறது. பல ட்ரோன்கள் பேட்டரி மாட்டியவுடன் தாமாகவே இதைச் செய்துகொள்ளும். அதனால்தான் கையில் தூக்கிப் பிடித்தபடி ஸ்விட்ச் போடக் கூடாது. குளிரூட்டிய அறையிலிருந்து வெயிலுக்கு எடுத்துப் போனால் பத்து நிமிடம் அப்படியே இருக்கவிடுங்கள். வெப்பம் மாற மாற இந்தச் சென்சார் சொல்லும் கணக்கும் மாறும்.

எந்த மாடலுக்கு எந்த ஸ்டிக்கை எந்த மூலையில் எத்தனை நொடி பிடிக்க வேண்டும் என்பதை நான் சொல்லப் போவதில்லை. ஒன்றுக்கொன்று வேறுபடும். ஒரு ட்ரோனில் மட்டம் பதிகிற அதே ஸ்டிக் அசைவு, இன்னொன்றில் பறக்கும்போதே மோட்டாரை நிறுத்துகிற கட்டளையாக இருக்கலாம். கையேட்டைத் தேடிப் பிடித்துப் படித்துவிட்டே கை வையுங்கள்.

அடுத்தது திசைகாட்டி, காம்பஸ். ஜி.பி.எஸ். வைத்த பழைய ட்ரோன்களில் இதுதான் நிறையப் பேரை அழவைத்தது. என்னையும்தான்.

ஒரு நாள் மொட்டை மாடியில் நின்று காம்பஸ் கேலிபரேஷன் செய்தேன். ட்ரோனைக் கிடையாகப் பிடித்து ஒரு முழுச் சுற்று, மூக்கைத் தரைப் பக்கம் திருப்பி இன்னொரு முழுச் சுற்று. பச்சை விளக்கு வந்தது. எல்லாம் சரி என்று மேலே ஏற்றினேன். பத்து மீட்டர் உயரம் போனதும், நான் எதையும் தொடாமலே வட்டம் போடத் தொடங்கியது. முதல் சுற்று ஒரு முழம். அடுத்தது இரண்டு மீட்டர். அதற்கடுத்தது மாடிச் சுவரைத் தாண்டி அகன்றது. கழுவும் தொட்டியில் தண்ணீர் சுழித்து வடிவதைத் திருப்பிப் போட்டதுபோல உள்ளிருந்து வெளியே அகன்றுகொண்டே போனது. தெருவில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவரின் தலைக்கு மேலே அது போனபோது என் உடம்பில் ஓடிய நடுக்கம் இன்னும் நினைவிருக்கிறது. ரிமோட்டில் ஜி.பி.எஸ்.ஸை விலக்கும் ஸ்விட்ச் ஒன்று இருந்தது. அதைத் தட்டி, கையால் ஓட்டி, மாடிக்குத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினேன்.

தப்பு மாடியில் இருந்தது. கான்கிரீட்டுக்குள் முழுக்க இரும்புக் கம்பி. காம்பஸ் கேலிபரேஷனில் நாம் ட்ரோனைச் சுழற்றுவது எதற்காக? ட்ரோனோடு சேர்ந்து சுழல்கிற காந்தத்தை, அதாவது அதன் திருகாணி, மோட்டார், பேட்டரி ஒயர் இவற்றின் காந்தத்தை இனம்கண்டு கழிப்பதற்காக. பூமியின் காந்தப் புலம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லாதான், மிக மெல்லியது. காலடியில் இருக்கும் கம்பி ட்ரோனோடு சுழலாது, ஆனால் கணக்கைக் கலைக்கும். கலைந்த கணக்கைத்தான் அது மனப்பாடம் செய்துகொள்ளும். மேலே போனதும் கம்பி இருக்காது, பொய் மட்டும் கூடவே இருக்கும். காற்று கிழக்கே தள்ளினால் மேற்கே போய்ச் சரிசெய்ய நினைக்கும். அது மேற்கு என்று நம்பும் பக்கமோ உண்மையில் தெற்குப் பக்கம் விலகியிருக்கும். அந்தப் பிழையைத் திருத்த இன்னொரு பிழை, அதைத் திருத்த மற்றொன்று. வட்டம் அப்படித்தான் பிறக்கிறது.

ஆகவே மண் தரைக்குப் போங்கள். கார், மின்கம்பம், இரும்பு வேலி, மூடிய கான்கிரீட் கால்வாய் எல்லாவற்றையும் விட்டு விலகி நில்லுங்கள். சாவிக்கொத்து, கைக்கடிகாரம், செல்போன் மூன்றையும் ஓரமாக வைத்துவிடுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது. சுற்றி முடித்த பிறகு ட்ரோனின் மூக்கைத் தெரிந்த ஒரு திசைக்குத் திருப்பி, செயலியில் வரைபடம் இருந்தால் அதிலும் அம்புக்குறி அதே பக்கம் காட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை இது. நான் அன்று செய்யாதது.

ஜி.பி.எஸ். பற்றி ஒரு வார்த்தை. நீண்ட காலம் அணைந்து கிடந்த கருவிக்கு, எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் பழசாகிப் போயிருக்கும். அந்தப் பட்டியல் முழுவதையும் வானத்திலிருந்து வாங்கி முடிக்க 12.5 நிமிடம் ஆகும். முதல் நாள் பொறுமையாகத் திறந்தவெளியில் வைத்துக் காத்திருங்கள். திரும்பி வர வேண்டிய இடம் பதிந்துவிட்டது என்று விளக்கு சொன்ன பிறகே மேலே ஏற்றுங்கள். தொடர்பு அறுந்தால் தானே திரும்பும் வசதி பழைய ட்ரோனிலும் இருக்கலாம். ஆனால் அது ஒரு உயரத்துக்கு ஏறி நேர்கோட்டில் வரும், அவ்வளவுதான். வழியில் அதைவிட உயரமான மரம் இருந்தால் பார்க்கக் கண் அதற்குக் கிடையாது.

இப்போது பேட்டரி. பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் பாலிமர் செல் ஒன்று முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட். 3 வோல்டுக்குக் கீழே போனால் கெட்டுப்போகும். வருடக்கணக்கில் கிடந்தது அந்தக் கோட்டைத் தாண்டி இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். சமதளத்தில் வைத்து விரலால் தட்டிப் பாருங்கள். ஆடினால், வயிறு உப்பியிருந்தால், இனிப்பு கலந்த ரசாயன வாடை வந்தால் அதை மறந்துவிடுங்கள். குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள். பழைய பேட்டரி சேகரிக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். ட்ரோனைவிடப் பேட்டரிக்கு விலை அதிகமாகத் தெரியும்போது மனம் சமாதானம் தேடும். தேட விடாதீர்கள், தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி எளிதில் அணைக்கிற தீ அது இல்லை. நல்லதாகத் தெரிகிற பேட்டரியையும் ஓடு, செங்கல் போன்ற தீப்பற்றாத தரையில் வைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் ஏற்றுங்கள். 2200 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் 2.2 ஆம்பியருக்கு மேல் வேண்டாம்.

இறக்கைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் புதிது மாற்றுங்கள். எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டும் ஒரே பக்கம் சுற்றும், மற்ற இரண்டும் எதிர்ப்பக்கம். மாற்றி மாட்டினால் கிளம்பும் நொடியிலேயே குப்புற விழும். மேஜையில் செய்யும் எல்லாச் சோதனையும் இறக்கை இல்லாமல்தான். ரிமோட்டை முதலில் போடுங்கள், பிறகு ட்ரோன். அணைக்கும்போது ட்ரோன் முதலில்.

சரி, வெட்டவெளிக்கு வந்தாயிற்று. காற்று ஓய்ந்த காலை நேரம். வால் உங்களைப் பார்க்க, மூக்கு அப்பால் பார்க்க, ஐந்தாறு மீட்டர் தள்ளி வையுங்கள். ஒரே மூச்சில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஏற்றுங்கள். அரை மீட்டருக்குக் கீழே அது தள்ளும் காற்று தரையில் பட்டுத் திரும்பி அதையே அலைக்கழிக்கும். அங்கே நகர்வதைப் பார்த்து, நகர்வைச் சரிக்கட்டும் டிரிம் பொத்தானை அழுத்துவது வீண். மேலே நிறுத்தி, ஸ்டிக்கை விட்டுவிட்டு, எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். எப்போதும் ட்ரோனின் ஒரே பக்கம் போனால் மட்டம் தப்பு, இறக்கி மறுபடி சொல்லிக்கொடுங்கள். ட்ரோனை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே திசைக்குப் போனால் அது காற்று.

கஷ்டம், மூக்கு உங்களைப் பார்க்கும்போது வருகிறது. அப்போது இடம் வலமாகிவிடும். எல்லோரும் முதலில் விழுவது இங்கேதான். எனக்கு உதவியது ஒரு படம்: சாய்கிற சுவருக்கு முட்டுக் கொடுப்பது. எதிரே நிற்கும் ட்ரோன் எந்தப் பக்கம் சாய்கிறதோ, வலது ஸ்டிக்கை அந்தப் பக்கமே தள்ளுங்கள். விழுகிற பக்கத்தில் போய்த் தாங்குவதாக நினைத்துக்கொண்டால் கை தானாகப் போகும். ஒரேயடியாகத் திருப்பாமல், இன்று முக்கால்வாசி வால், நாளை பக்கவாட்டு, அதற்குப் பிறகு மூக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பழகுங்கள். எட்டு போடுவது எல்லாம் அதற்கப்புறம்.

இறங்குவதிலும் ஒரு ஆபத்து உண்டு. நேர் கீழே வேகமாக இறக்கினால், ட்ரோன் தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே விழுகிறது. இறக்கைக்குப் பிடி கிடைக்காமல் தள்ளாடும். பதறிப்போய் விசையை முழுக்க ஏற்றினால் இன்னும் மோசமாகலாம். முன்பக்கமோ பக்கவாட்டிலோ நகர்த்தி நல்ல காற்றுக்குள் கொண்டுபோங்கள், நின்றுவிடும். மாடிப்படி இறங்குவதுபோல, முன்னே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று இறக்குவதே நல்லது.

உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் உயர வரம்பு சுமார் 120 மீட்டர். பழகும் நாட்களில் பத்து மீட்டரே உங்களுக்குத் தாராளம். மனிதர் தலைக்கு மேல் வேண்டாம். அந்தச் சைக்கிள்காரரை நான் மறக்கவில்லை.

பறந்து முடித்ததும் ஒரு நோட்டில் எழுதுகிறேன்: தேதி, எத்தனை நிமிடம், இறங்கியபோது ஒவ்வொரு செல்லிலும் எத்தனை வோல்ட். போன முறை எழுதியது 3.71, 3.70, 3.58. நான்கு நிமிடம்தான் பறந்தது, சும்மா நின்ற இடத்தில் நின்றது, அதற்கே மூன்றாவது செல் இவ்வளவு தளர்ந்திருக்கிறது. முழு விசையில் மேலே ஏறச் சொன்னால் முதலில் கைவிடப்போவது அதுதான். அந்தப் பேட்டரியின் மேல் சிவப்பு நாடா ஒட்டி, செல்லுக்கு 3.8 வோல்ட் வரும்படி ஏற்றித் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். இனி அது மேஜைச் சோதனைக்கு மட்டும்.

வணக்கம்.