பூஞ்சை எந்த வழியாக நுழைகிறது?

(ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பின்வரிசையில் செல்போனை இன்னும் அணைக்காத தம்பிகளுக்கும் வணக்கம்.

பயிர் நோயைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆனால் நான் கண்ணில் இருந்து ஆரம்பிக்கப் போகிறேன். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

அறுப்புக் காலம். களத்தில் ஒரு அம்மா நெல் தூற்றிக்கொண்டிருக்கிறார். ஏதோ ஒரு உமி கண்ணில் அடித்துவிடுகிறது. முந்தானையால் ஒற்றுகிறார், தண்ணீர் விட்டுக் கழுவுகிறார், மறுபடியும் முறத்தை எடுத்துக்கொள்கிறார். இரண்டு நாள் உறுத்துகிறது. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால் தாய்ப்பால் விடுவார்கள், இல்லாவிட்டால் விளக்கெண்ணெய். அதற்கும் கேட்கவில்லை என்றால் மெடிக்கல் ஷாப்பில் ‘கண் சிவந்திருக்கு’ என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து. இதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். கருவிழியில் சாம்பல் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று ஊரில் சொல்வார்கள்.

1990-களில் மதுரை மாவட்டத்தில் கணக்கெடுத்தபோது, ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 11 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகத் தெரிந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு பகுதியில் எடுத்த கணக்கைப் போல இது ஏறக்குறைய பத்து மடங்கு. மதுரையில் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க முடிந்த புண்களில் கிட்டத்தட்ட பாதி, பூஞ்சையால் வந்தவை. அந்தப் பூஞ்சைகளில் முதலிடத்தில் இருப்பது ஃபியூசேரியம். இந்தப் பெயரைக் கேட்டதும் பயிர் நோயியல் படித்த என்னைப் போன்றவர்கள் நிமிர்ந்து உட்காருவோம். ரஸ்தாளி வாழையை வாடவைத்துக் கொல்வதும் ஃபியூசேரியம்தான். வாழைக்கு வருவது ஒரு கிளை, கண்ணுக்கு வருவது பெரும்பாலும் வேறொரு கிளை. ஆனால் குடும்பம் ஒன்று, குடியிருப்பதும் ஒரே வயல் மண்ணில்.

கண் மருத்துவமனையில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கண்ணை மரத்துப்போகச் செய்துவிட்டு, புண்ணின் ஓரத்தை லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைப்பார்கள். அதன்மேல் 10 சத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு. சதைத் துணுக்கு கரைந்து தெளிந்துவிடும், பூஞ்சை கரையாமல் நிற்கும். நுண்ணோக்கியில் குறுக்குச் சுவர் போட்ட மெல்லிய இழைகள் கிளைகிளையாகத் தெரியும். நிமிடக் கணக்கில் முடிகிற வேலை. அதே துணுக்கை வளர்ப்பு ஊடகத்தில் வைத்தால் சில நாளில் பஞ்சுபோல வளர்ந்து, பிறை வடிவத்தில் வித்துகள் விடும். வாழைத் தண்டில் இருந்து எடுத்து வளர்த்து நான் மாணவர்களுக்குக் காட்டியதும் இதே பிறைதான்.

சரி, பூஞ்சைக்குக் கண்மேல் என்ன கோபம்? ஒரு கோபமும் இல்லை. நாம் சாப்பிட்டுவிட்டுச் செரிக்கிறோம். அது செரித்துவிட்டுச் சாப்பிடுகிறது. இருக்கிற இடத்திலேயே நொதிகளைக் கசியவிட்டு, சுற்றி இருப்பதைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். உதிர்ந்த இலை, மட்கிய வைக்கோல், செத்த வேர் இவைதான் அதன் அன்றாடச் சாப்பாடு. பெரும்பாலான பூஞ்சைகள் ஆயுள் முழுக்க இந்த வேலையைத்தான் செய்கின்றன. அவை இல்லாவிட்டால் நம் வயலில் மட்கு கிடையாது, காட்டில் விழுந்த மரம் விழுந்தபடியே கிடக்கும். உயிருள்ளதைத் தாக்க அதற்கு ஒரு வழி வேண்டும். நான் பார்த்தவரை அந்த வழி மூன்றில் ஒன்று: காயம், தளர்ந்துபோன தற்காப்பு, அல்லது எல்லாம் ஒரே ரகமாக இருக்கும் வயல். இந்த மூன்றிலும் நம் கை இருக்கிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்ததே அதுதான்.

மனிதனுக்கு ஒரு பெரிய பாதுகாப்பு உண்டு, உடம்புச் சூடு. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆயிரக்கணக்கான பூஞ்சை வகைகளை வெவ்வேறு வெப்பத்தில் வளர்த்த பதிவுகளைப் பார்த்தார்கள். 30 டிகிரியில் இருந்து 40 டிகிரிக்குள், ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சுமார் 6 சத வகைகள் வளர முடியாமல் விழுந்துவிடுகின்றன. அதனால்தான் பயிருக்கு வரும் பூஞ்சை நோய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும், மனிதனைத் தாக்குபவை சில நூறோடு நிற்கின்றன. கருவிழி வெளிக்காற்றுபட்டுக் கொஞ்சம் குளிர்ந்தே இருக்கும் இடம், ரத்தக் குழாயும் கிடையாது. ஒரு கீறல் விழுந்தால் போதும்.

காலும் அப்படித்தான். மதுரையின் பெயரை உலக மருத்துவப் புத்தகங்களில் ஏற்றியது மல்லிகைப் பூ இல்லை, ஒரு கால் நோய். 1842-ல் இங்கே வேலை பார்த்த கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதை விவரித்து எழுதினார். அப்புறம் அது ‘மதுரா ஃபுட்’ ஆகிவிட்டது. 1860-ல் பம்பாயில் இருந்த ஹென்றி வாண்டைக் கார்ட்டர் அதற்கு மைசிட்டோமா என்று பெயர் வைத்தார். கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூறு நூலுக்குப் படம் வரைந்தாரே, அதே கார்ட்டர்தான். வெறுங்காலில் முள் குத்துகிறது, முள்ளோடு மண்ணில் இருந்த பூஞ்சையும் போய்விடுகிறது. வலி பெரிதாக இருக்காது, அதுதான் கெடுதல். மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்துப் பாதம் வீங்கி, பல துளைகள் விட்டு, ரவை மாதிரி மணிமணியாக வெளியே வரும். இதே நோயைச் சில பாக்டீரியாக்களும் உண்டாக்கும். அந்த வகை ஆன்டிபயாட்டிக்குக் கட்டுப்படும். பூஞ்சை வகைக்கு நீண்ட காலம் மாத்திரை, பல நேரம் கத்தியும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலில் சேர்த்தது 2016-ல். கில் எழுதி 174 வருடம் கழித்து! செருப்பில்லாதவனின் நோய்க்கு அவ்வளவுதான் அவசரம்.

இப்போது வாழைக்கு வருவோம். வாடல் நோய் வந்த ரஸ்தாளியைப் பார்த்திருப்பீர்கள். அடி இலைகள் ஓரத்தில் இருந்து மஞ்சளாகி, காம்பு மடிந்து, தண்டைச் சுற்றித் தொங்கிவிடும். தண்டைக் குறுக்கே வெட்டினால் செம்பழுப்பாக வளையமும் புள்ளியும். மரம் தண்ணீர் இல்லாமல் வாடுகிறது என்று நினைத்து நாம் இன்னும் தண்ணீர் பாய்ச்சுவோம். மண்ணில் தண்ணீர் இருக்கிறது, ஏறுகிற குழாய்தான் அடைத்துப் போயிருக்கிறது. பாய்ச்சிய தண்ணீரோடு பூஞ்சை அடுத்த பாத்திக்குப் போகும்.

ஒரு காலத்தில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் சாப்பிட்டது குரோ மிஷெல் என்ற ஒரே ரக வாழை. மத்திய அமெரிக்காவில் கண்ணுக்கெட்டியவரை அது ஒன்றுதான். எல்லாமே கன்றில் இருந்து கன்று எடுத்து நட்டவை, அதாவது ஒரே மரத்தின் நகல்கள். ஒன்றுக்கு எதிர்ப்பு இல்லை என்றால் ஒன்றுக்கும் இல்லை. ரஸ்தாளிக்கு வருகிற இதே வாடல் நோய், பனாமா வாடல் நோய் என்ற பெயரில் புகுந்து தோட்டம் தோட்டமாகக் காலி செய்தது. 1960-கள் வாக்கில் ஏற்றுமதித் தோட்டங்கள் கேவண்டிஷ் என்ற இன்னொரு ரகத்துக்கு மாறிவிட்டன. பாடம் கற்றுக்கொண்டார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? மறுபடியும் ஒரே ரகம், மறுபடியும் நகல். இப்போது அதே பூஞ்சையின் ‘டி.ஆர்.4’ என்ற வடிவம் கேவண்டிஷையும் தாக்குகிறது. தென்கிழக்கு ஆசியாவில் பரவி, ஆப்பிரிக்காவில் மொசாம்பிக்கைத் தொட்டு, 2019-ல் கொலம்பியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் பிகாரின் கட்டிஹார், பூர்ணியா பக்கம் வந்திருக்கிறது. மண்ணில் ஒருமுறை இறங்கினால் பல பத்து ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். கன்று வாங்கும்போது எந்தத் தோட்டத்துக் கன்று என்று கேட்காமல் வாங்காதீர்கள். மண்வெட்டியிலும் டிராக்டர் டயரிலும் ஒட்டிய மண் போதும் அது வேறு ஊருக்குப் போக.

இந்த இடத்தில் யாராவது அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தைக் கேட்பீர்கள். 1845-ல் தொடங்கிய அந்தப் பஞ்சத்துக்குக் காரணமானது பார்க்கத்தான் பூஞ்சை மாதிரி, உறவுமுறையில் பழுப்புப் பாசிகளுக்கு நெருக்கம். அதனால் அதை இன்றைக்கு விட்டுவிடுகிறேன்.

தென்னைக்கு வருகிற தஞ்சாவூர் வாடல் நோயை விட முடியாது. 1952-ல் தஞ்சைப் பகுதியில் ஒரு பெரும் புயலுக்குப் பிறகுதான் அது கண்ணில் பட்டது. புயலில் வேர் அசைந்து அறுந்த மரங்களை நினைத்துப் பாருங்கள், மண்ணுக்குள் எத்தனை காயம்! கானோடெர்மா என்ற பூஞ்சை வேர் வழியாக ஏறி அடித்தண்டை அழுக வைக்கும். தண்டின் அடியில் வெடித்துச் செம்பழுப்புச் சாறு வடியும். பிறகு அலமாரிப் பலகை மாதிரி ஒரு கடினமான காளான் வெளியே நீட்டும். காளானைப் பார்த்தபின் அந்த மரத்தைக் காப்பாற்றுவது கடினம். சுற்றிக் குழி வெட்டிப் பக்கத்து மரங்களின் வேரைப் பிரித்துவிட வேண்டும். பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். மற்ற மரங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து கிலோ வேப்பம் பிண்ணாக்கு, நோய் தொடங்கிய மரத்தின் வேர்ப்பகுதிக்கு ஒரு சத போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி 40 லிட்டர்.

போர்டோ கலவையை இப்போதெல்லாம் யாரும் சரியாகத் தயாரிப்பதில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், 50 லிட்டர் தண்ணீரில், ஒரு கிலோ சுண்ணாம்பு இன்னொரு 50 லிட்டரில். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றுங்கள், மாற்றி ஊற்றாதீர்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. கலந்தபின் துரு ஏறாத ஓர் இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் அதில் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும்.

அடுத்தது தற்காப்பு தளர்வது. பலாப் பிஞ்சு கருத்து, மேலே சாம்பல் பஞ்சு படர்ந்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது ரைசோபஸ். பழைய ரொட்டியில் பூப்பதும் அந்த இனம்தான். 2021-ல் ‘கருப்புப் பூஞ்சை’ என்று ஊரே நடுங்கியதே, அதிலும் முக்கியக் குற்றவாளி ரைசோபஸ்தான். வித்துகள் எப்போதும் காற்றில் இருக்கின்றன, நாம் தினமும் சுவாசிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. அந்த ஆண்டு கொரோனாவோடு, கட்டுக்கு மீறிய சர்க்கரையும் உடம்பின் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தும் கணக்கில்லாமல் சேர்ந்தன. ஜூன் மாதக் கடைசிக்குள் நாட்டில் 40,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். ஸ்டீராய்டு பல உயிர்களைக் காப்பாற்றிய மருந்துதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் கோட்டை விட்டோம்.

படர்தாமரைக்கும் அதே கதை. கடையில் வாங்குகிற ‘மூன்றும் சேர்ந்த’ ஆயின்மென்டில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் இருக்கும். இரண்டே நாளில் அரிப்பும் சிவப்பும் போய்விடும், மருந்து நல்ல மருந்து என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்வோம். அரிப்பைத்தான் அது அடக்கியது. தோலின் எதிர்ப்பும் சேர்ந்து அடங்கியதால் பூஞ்சை சத்தமில்லாமல் விரிகிறது. வழக்கமான டெர்பினஃபின் மாத்திரைக்கும் அசையாத ஒரு வகை இந்தியாவில் பரவி, 2020-ல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. கண்ணில் உமி பட்ட அந்த அம்மாவுக்கும் கடைக்காரர் கொடுத்தது ஸ்டீராய்டு சொட்டாக இருந்தால், சிவப்பு குறையும், பூஞ்சை ஆழமாக இறங்கும்.

விவசாயிகளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கோபிக்கக் கூடாது. இலைப்புள்ளி நோய்க்கு நாம் தெளிக்கும் ப்ரோபிகோனசோல், டெபுகோனசோல் எல்லாம் ‘அசோல்’ வகை. நுரையீரலில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை பிடித்த நோயாளிக்கு மருத்துவர் தரும் முதல் மருந்தும் அசோல் வகைதான். நெதர்லாந்தில் அந்த மருந்தை வாழ்நாளில் தொட்டிராத நோயாளிகளிடமும் மருந்துக்கு மசியாத பூஞ்சை கிடைத்தது. வயலிலும் மலர்த் தோட்டத்திலும் தெளித்த மருந்தில் பழகிய பூஞ்சை, காற்றோடு நுரையீரலுக்கு வந்திருக்கிறது. இந்தியாவிலும் அந்த வகை பதிவாகியிருக்கிறது. பூஞ்சையின் செல் அமைப்பு நம் செல்லுக்கு நெருக்கமானது. அதைக் கொன்று நம்மை விட்டுவைக்கும் மருந்து கிடைப்பது அரிது, கையில் இருப்பது நாலைந்து வகைதான். அட்டவணை போட்டு, நோய் இருக்கிறதோ இல்லையோ, பதினைந்து நாளைக்கு ஒருமுறை தெளிப்பதை நிறுத்துங்கள்.

கண்ணுக்கு இன்னும் நல்ல மருந்து நாட்டாமைசின்தான். 1950-களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடம் இருந்து எடுத்தது. பாலாடைக்கட்டியில் பூஞ்சை பிடிக்காமல் தடவுவதும் அதையேதான். 2013-ல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வில், தென்னிந்தியக் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளை வைத்துப் புதிய மருந்தான வோரிகோனசோலோடு இதை ஒப்பிட்டார்கள். ஃபியூசேரியம் புண்ணில் பழைய மருந்து தெளிவாக ஜெயித்தது. ஆனால் சீக்கிரம் போனால்தான். கண்ணில் பயிர்த்தூசு பட்டு அடுத்த நாளும் உறுத்தினால், எண்ணெயும் பாலும் விடாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ‘நெல் பட்டது’, ‘கரும்புத் தோகை கிழித்தது’ என்று என்ன பட்டது என்பதைச் சொல்லுங்கள். கதிரடிக்கும்போது சாதாரண பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டால் பாதித் தொல்லை இல்லை.

ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார்: ‘தென்னையில் வரும் காளானைச் சாப்பிடலாமா?’ பல் இருந்தால் முயற்சி செய்யுங்கள், அது கட்டை மாதிரி இருக்கும். ஆனால் அதே கானோடெர்மா இனத்தைப் பொடியாக்கி, சகல நோய்க்கும் மருந்து என்று டப்பாவில் விற்கிறார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றும். அடுத்த சீட்டைக் கொடுங்கள்.