பேரழிவை வரைய எத்தனை பக்கங்கள் வேண்டும்?

[திரையில்: எரிமலைப் புகை சூழ்ந்த பழைய ரோமானிய நகரத்தின் கோட்டோவியம்]

வணக்கம். எரிமலை வெடிப்பதையும் நகரம் சரிவதையும் வரைவது தேர்ந்த ஓவியர் ஒருவருக்குப் பெரிய சவால் அன்று. ஒரு முழுப் பக்கமும் கறுப்பு மையும் கிடைத்தால் அதை அவர் செய்துவிடுவார். பேரழிவு நாவல் ஒன்றைக் காமிக்ஸாக மாற்றுவதில் உண்மையான சிக்கல், அந்த வெடிப்புக்கு முன்பாக நாவலாசிரியர் நூற்றுக்கணக்கான பக்கங்களில் வளர்த்தெடுத்த காத்திருப்பையும் ஐயத்தையும் விளக்கங்களையும் கட்டங்களுக்குள் எப்படி அடக்குவது என்பதுதான். எந்தத் தழுவல் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்தது என்பதை வைத்தே இந்த வீடியோவில் சில படைப்புகளைப் பார்க்கப்போகிறோம்.

1941 அக்டோபரில் ஆல்பர்ட் கான்டர் என்ற அமெரிக்கப் பதிப்பாளர், புகழ்பெற்ற நாவல்களைச் சித்திரக்கதையாக்கும் 'கிளாசிக் காமிக்ஸ்' என்ற வரிசையைத் தொடங்கினார். முதல் இதழ் அலெக்சாந்தர் துமாவின் மூன்று மஸ்கடியர்கள் கதை. அடுத்தடுத்த இதழ்களில் திமிங்கில வேட்டை, ஆளில்லாத தீவு என்று சாகச நாவல்கள் வரிசைகட்டி வந்தன. 1947 மார்ச்சில், 35ஆம் இதழிலிருந்து, அந்த வரிசை 'கிளாசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' என்று பெயர் மாறியது. மாறிய பெயரோடு வெளிவந்த முதல் இதழ், ஆங்கில நாவலாசிரியர் புல்வர்-லிட்டன் 1834இல் எழுதிய 'பாம்பெயின் கடைசி நாட்கள்'. இதழ்களின் பக்க எண்ணிக்கை தொடக்கத்தில் 64 ஆக இருந்து, பிறகு 56 ஆகி, கடைசியில் 48 ஆகச் சுருங்கியது. நாவலின் அளவு எதுவாக இருந்தாலும் இதழின் அளவு மாறாது. கதையைப் படித்து முடித்தவர்கள் மூல நூலை நூலகத்தில் தேடிப் படிக்குமாறு கேட்டுக்கொள்ளும் குறிப்பும் அந்த இதழ்களில் இடம்பெற்றது. அதை விளம்பர உத்தியாக நான் கருதவில்லை. எவ்வளவை விட்டுவிட நேர்ந்தது என்பதை அறிந்திருந்த ஒரு பதிப்பகத்தின் நேர்மையாகவே கருதுகிறேன்.

[திரையில்: வட்ட அரங்கம், பின்னணியில் வெசூவியஸ்]

பாம்பெய் நாவலைப் படிக்கும் எவருக்கும் முடிவு முன்கூட்டியே தெரியும். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து அந்த ரோமானிய நகரம் புதையுண்டது. புல்வர்-லிட்டன் அந்த அறிவையே தமது கருவியாக்கிக்கொண்டு, விருந்துகள், காதல், எகிப்தியனான அர்பாசிஸின் சூழ்ச்சிகள், அரங்கத்தில் சிங்கத்தின் முன் நிறுத்தப்படும் கிளாகஸ் என்று கதையை நிதானமாக நடத்திச் சென்று, எரிமலையை ஐந்தாம் பாகம் வரை காத்திருக்க வைக்கிறார். அற்பமான பேச்சுகளில் அந்த மக்கள் நேரத்தைச் செலவிடும்போதுதான் வாசகருக்கு மிகுந்த பதற்றம் ஏற்படுகிறது. ஐம்பது பக்கங்களுக்குள் கதை சொல்ல வேண்டிய தழுவலாசிரியர் முதலில் வெட்டுவது அந்த அற்பமான பேச்சுகளைத்தான். அப்போது வேகம் கூடுகிறது, அச்சம் குறைந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் இந்தக் கதையில் உண்டு. வெடிப்புக்குப் பிறகு சாம்பல் மழையில் பகலே இரவாகிவிடுகிறது. விளக்கை அணைத்த மூடிய அறையைப் போன்ற இருள் என்று, அந்த வெடிப்பை நேரில் கண்ட ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி தமது கடிதத்தில் எழுதியிருக்கிறார். நாவலில் அந்த இருளுக்குள் கிளாகஸையும் அவன் காதலி அயோனியையும் கடற்கரைக்கு அழைத்துச் செல்பவள், பூ விற்கும் பார்வையற்ற பெண்ணான நிடியா. எல்லாரும் வழி தெரியாமல் தடுமாறும்போது, எப்போதும் இருளில் நடந்து பழகிய அவளுக்கு மட்டுமே தெருக்கள் தெரிகின்றன. உரைநடையில் இது அற்புதமாக அமைந்த இடம். ஓவியரோ முழு இருளை வரைந்தால் கட்டத்தில் எதுவும் தெரியாது. தீப்பிழம்பையோ மின்னலையோ வரைந்து வெளிச்சம் கொண்டுவந்தால் நிடியாவின் சிறப்பு மங்கிவிடும்.

இந்தக் கதையை அதே பதிப்பகம் இரண்டு முறை வரையச் செய்தது நமக்கு ஒரு வாய்ப்பு. 1947 பதிப்பை ஹென்றி கீஃபர் வரைந்தார். மேடை நாடகத்தின் சாயல் கொண்ட, பழைய பாணிக் கோடுகள் அவருடையவை. 1961இல் ஜாக் கிர்பி புதிதாக வரைய, டிக் அயர்ஸ் மையிட்டார். அதே ஆண்டில்தான் கிர்பி, ஸ்டான் லீயோடு சேர்ந்து 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கதையைத் தொடங்கி அமெரிக்கக் காமிக்ஸின் போக்கையே மாற்றினார். உடல்களையும் பாறைகளையும் ஒரே விசையில் இயங்கச் செய்வதில் அவருக்கு நிகர் இல்லை என்பதால், எரிமலைக்கு அவர் கைதான் பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் அந்தக் காத்திருப்புக்கு வேண்டிய பக்கங்கள் அவருக்கும் கிடைக்கவில்லை.

எச்.ஜி. வெல்ஸின் 1898ஆம் ஆண்டு நாவலான செவ்வாய்க் கிரகப் படையெடுப்புக் கதையை, 1955 ஜனவரியில் லூ கேமரன் அதே வரிசையின் 124ஆம் இதழாக வரைந்தார். இந்த நாவல் தொடக்கத்திலேயே ஆபத்தைத் திறந்துவிடுவதால் குறைந்த பக்கங்களுக்கு ஓரளவு இசைந்து கொடுக்கிறது. இருந்தும், இடிந்த வீட்டுக்குள் கதைசொல்லியும் ஒரு பாதிரியாரும் நாள்கணக்கில் அடைபட்டுக் கிடக்கும் பகுதியின் மூச்சுமுட்டலை 48 பக்க இதழ் ஒன்றால் தாங்க இயலாது.

[திரையில்: ஜப்பானியத் தீவுகளின் வரைபடம், கிழக்கே கடலடி அகழி]

இப்போது ஜப்பானுக்குச் செல்வோம், ஏனெனில் பக்கப் பஞ்சம் நீங்கினால் என்ன நடக்கும் என்பதை அங்கேதான் தெளிவாகக் காணமுடிகிறது. கொமாட்சு சாக்கியோ 1964இல் எழுதத் தொடங்கி 1973இல் வெளியிட்ட 'ஜப்பான் மூழ்குகிறது' நாவல், இரண்டு பாகங்களாக லட்சக்கணக்கில் விற்றது. 1923ஆம் ஆண்டு கான்டோ நிலநடுக்கம் நிகழ்ந்து சரியாக 50 ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. கதை, தெற்குக் கடலில் ஒரு சிறு தீவு திடீரெனக் காணாமற்போவதில் தொடங்குகிறது. நீர்மூழ்கிக் கலம் ஓட்டும் ஒனொதெராவும் புவி இயற்பியலாளரான தடோகோரோவும் ஜப்பான் அகழியின் அடிக்குச் சென்று, கடல்தரையில் நிகழும் விசித்திரமான மாற்றங்களைக் காண்கிறார்கள். பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் அடுக்கின் இயக்கத்தில் ஏற்பட்ட மாற்றத்தால் தீவுக்கூட்டமே அமிழப்போகிறது என்ற முடிவுக்குத் தடோகோரோ வருகிறார். அதன் பிறகு கதையின் பெரும்பகுதி அறிவியல் விவாதங்களும் அரசின் இரகசியத் திட்டங்களும், நிலமே இல்லாமற்போனால் ஒரு மக்கள் கூட்டம் என்னவாகும் என்ற கேள்வியும்தான். 1931இல் பிறந்து, பதினான்கு வயதில் போரின் தோல்வியைக் கண்ட எழுத்தாளருக்கு அந்தக் கேள்வி வெறும் கற்பனையாக இருந்திருக்க முடியாது.

உரைநடையில் பல பக்கங்களை விழுங்கும் புவியியல் விளக்கங்கள், காமிக்ஸில் சுமையாகாமல் வலிமையாகக்கூடும். பூமியின் குறுக்குவெட்டை ஒரே கட்டத்தில் வரைந்து, ஒரு கண்டத்தட்டு மற்றொன்றின் கீழே சரிவதை அம்புக்குறியால் காட்டிவிட்டால், வாசகர் பேராசிரியரின் பேச்சுப் பலூனைப் படிக்கும் முன்பே ஆபத்தைப் புரிந்துகொள்வார். விளக்கத்தைப் பார்வைக்கு உரியதாக மாற்றும் இந்த ஆற்றலே, பேரழிவு நாவல்களுக்குக் காமிக்ஸ் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாவல் வெளிவந்த ஆண்டிலேயே, 'கொல்கோ 13' கதையைப் படைத்த சைட்டோ தகாவோ அதை ஒரு வார இதழில் மங்காவாக, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையாக ஆக்கினார். பேரழிவு அவரை அதோடு விடவில்லை. 1976இல் அவர் தொடங்கிய 'சர்வைவல்' என்ற சொந்தக் கதை, பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் தனித்து விடப்பட்ட ஒரு சிறுவனைப் பற்றியது. பிறகு, 2006 முதல் 2008 வரை இஷிகி தொகிஹிகோ அதே நாவலைப் புதிதாக வரைந்தபோது, அது 15 தொகுதிகளாக விரிந்தது. இந்த இரண்டு மங்காக்களுக்கும் இடையில் 1995ஆம் ஆண்டு கோபே நிலநடுக்கம் நிற்கிறது. 6,400க்கும் மேற்பட்டோர் அதில் இறந்தனர். கொமாட்சுவின் நாவலில் டோக்கியோவின் உயர்மட்ட விரைவுச்சாலைகள் சரிகின்றன; 1973இல் அதைப் படித்தவர்களுக்கு அது கற்பனை. ஆனால் கோபேயில் அத்தகைய சாலை ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த புகைப்படத்தை இஷிகியின் வாசகர்கள் அனைவரும் பார்த்திருந்தார்கள். ஆகவே இரண்டாவது ஓவியர், வாசகரின் நினைவோடு போட்டியிட்டு வரைய வேண்டியிருந்தது.

நோயைப் பற்றிய நாவல் வேறு வகை. ஸ்டீபன் கிங் 1978இல் வெளியிட்டு, 1990இல் விரித்துத் தந்த 'த ஸ்டாண்ட்' நாவலை, மார்வெல் நிறுவனம் 2008 முதல் 2012 வரை 31 இதழ்களாக வெளியிட்டது. எழுதியவர் ரொபெர்ட்டோ அகீர்-சகாசா, வரைந்தவர் மைக் பெர்கின்ஸ். கிருமியை வரைய முடியாது. ஆனால் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு, அவரிடமிருந்து மற்றொருவருக்கு என்று தொற்று கைமாறுவதைத் தொடராகச் சொல்லும் ஓர் அத்தியாயம் நாவலிலேயே இருக்கிறது. ஒரு கட்டத்துக்கு ஒரு மனிதர் என்று அடுக்கிச் செல்லும் வடிவத்துக்கென்றே எழுதப்பட்டது போன்ற பகுதி அது.

[திரையில்: சாம்பல் நிறச் சாலை, தள்ளுவண்டி]

கார்மக் மெக்கார்த்தியின் 2006ஆம் ஆண்டு நாவலான 'த ரோடு', பேரழிவு எதனால் நிகழ்ந்தது என்பதைச் சொல்வதே இல்லை. தந்தையும் மகனும் அதன் பின்விளைவில் நடக்கிறார்கள், அவ்வளவுதான். பிரெஞ்சு ஓவியர் மனு லார்செனே 2024இல் வெளியிட்ட தழுவலில் பல பக்கங்களில் ஒரு சொல்கூட இல்லை. சாம்பல் நிறத்தின் மெல்லிய மாறுபாடுகளே பொழுதையும் தட்பவெப்பத்தையும் தெரிவிக்கின்றன. மெக்கார்த்தியின் புகழ்பெற்ற வாக்கியங்களைக் கட்டத்தின் மேல் எழுதிவைக்கும் எளிய வழி அவருக்கு இருந்தது. அதைத் தவிர்த்துவிட்டு, வாக்கியங்கள் செய்த வேலையைக் கோடுகளிடம் ஒப்படைத்திருக்கிறார்.

இத்தகைய தழுவல்களைப் புதிதாகப் படிக்க விரும்புவோர், நாவலை முதலில் படித்துவிட்டு லார்செனேயின் நூலிலிருந்து தொடங்குவது நல்லது. அதன் பிறகு பாம்பெய் கதையின் 1947, 1961 பதிப்புகளை அருகருகே வைத்து, எரிமலைக்கு முந்தைய பக்கங்கள் எத்தனை, பிந்தைய பக்கங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.