மேல்நிலையில் எந்த அறிவியல்?

நேயர்களுக்கு வணக்கம். பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு, மேல்நிலையில் எந்தெந்த அறிவியல் பாடங்களை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் மாணவர்களோடும் அவர்களைப் பெற்றவர்களோடும் சிறிது நேரம் பேச வந்திருக்கிறேன். நான் வேதியியல் ஆசிரியர். இந்த வயதுப் பிள்ளைகளோடுதான் என் வேலை நாட்கள் முழுவதும் போகின்றன. எந்தப் பாடத்தில் யார் மலர்கிறார்கள், யார் வாடிப்போகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்.

பெரும்பாலான வீடுகளில் பேச்சு "நீ என்ன ஆகப் போகிறாய்?" என்ற கேள்வியில்தான் தொடங்குகிறது. மருத்துவர் என்றால் உயிரியல், பொறியாளர் என்றால் கணிதமும் இயற்பியலும் என்று உடனே ஒரு முடிவு வந்துவிடும். பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பிள்ளைக்குத் தெரிந்த வேலைகளின் பெயர்கள் மிகக் குறைவு. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் தினமும் என்ன நடக்கிறது என்பது அதைவிடக் குறைவாகத்தான் தெரியும். ஆனால் பாடங்கள் அப்படியல்ல. அவை கையில் எடுத்துப் பார்க்கக்கூடியவை. அதனால் நான் வேறொரு கேள்வியைக் கேட்கச் சொல்வேன்: இரண்டு வருடம், தினமும், எந்த மாதிரியான சிரமத்தோடு உட்கார்ந்திருக்க உனக்கு மனம் இருக்கிறது?

சிரமம் என்று தெரிந்தே சொல்கிறேன். மேல்நிலையில் சுலபமான அறிவியல் பாடம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் கடினம்.

இயற்பியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாணயத்தை நேராக மேலே சுண்டிவிடுகிறீர்கள். அது கையை விட்டுப் பிரிந்து மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன் மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன? மேல்நோக்கி ஒரு விசை இருந்தால்தானே மேலே போகும் என்றுதான் பெரும்பாலானவர்களுக்கு முதலில் தோன்றும். காற்றின் தடையை விட்டுவிட்டால், உண்மையில் அங்கே இருப்பது ஒரே ஒரு விசை, கீழ்நோக்கி இழுக்கும் ஈர்ப்பு விசை. மேலே போகும்போதும், உச்சியில் ஒரு கணம் நிற்கும்போதும், கீழே வரும்போதும் அது மட்டும்தான். இதைக் கேட்டவுடன் "அது எப்படி?" என்று உங்களுக்குள் ஒரு வாதம் கிளம்பினால், அந்த வாதம் முடிகிறவரை விடாமல் யோசிக்கத் தோன்றினால், இயற்பியலின் சிரமம் உங்களுக்குப் பொருந்தும். நம் சொந்த அனுபவம் சொல்வதை நாமே சந்தேகிக்க வேண்டும், பிறகு அதைச் சமன்பாடாக எழுத வேண்டும். அந்தப் பாடத்தில் தினமும் நடப்பது இதுதான்.

வேதியியலின் சிரமம் வேறு. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்தலை நெடுங்காலம் ஆராய்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன் இதை அழகாக விளக்கினார். வேதியியல் மாணவர் ஒரே சமயத்தில் மூன்று தளங்களில் யோசிக்க வேண்டியிருக்கிறது என்றார். கண்ணுக்குத் தெரிவது ஒரு தளம். தெரியாத அணுக்களும் மூலக்கூறுகளும் இன்னொன்று. தாளில் எழுதும் குறியீடும் கணக்கும் மூன்றாவது. தண்ணீர் கொதிக்கும்போது வரும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். காற்று என்பார்கள், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்பார்கள். இருப்பது நீராவி. கொதிக்கும்போது மூலக்கூறு உடைவதில்லை, ஒன்றைவிட்டு ஒன்று விலகுகிறது, அவ்வளவுதான். கண்ணால் பார்த்த குமிழியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுக்கும், அங்கிருந்து சமன்பாட்டுக்கும் போய்த் திரும்பிவரப் பொறுமை வேண்டும். பொருளின் அளவைத் துகள்களின் எண்ணிக்கையோடு இணைக்கும் மோல் கணக்கில் பிள்ளைகள் தடுக்கி விழுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பெருக்கல், வகுத்தல் தெரியாததால் அல்ல.

உயிரியலைப் பற்றி ஒரு தவறான பேச்சு பரவிக் கிடக்கிறது. மனப்பாடம் செய்தால் போதும், கணக்குக்குப் பயந்தவர்களுக்கான பாடம் என்று. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். பெயர்கள் நிறைய இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் உயிரியலின் உண்மையான சிரமம், ஒரே கேள்விக்குப் பல மட்டங்களில் பதில் இருப்பதுதான். மூலக்கூறில் ஒரு காரணம், செல்லில் ஒரு காரணம், உடலில் ஒன்று, ஓர் இனத்தின் நீண்ட வரலாற்றில் இன்னொன்று. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு யோசிக்க வேண்டும். விதிவிலக்கு வந்தால் முகம் சுளிக்காமல் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்று பாடங்களும் ஒரே பொருளை எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடலெங்கும் கொண்டுபோய் இறக்குவது அதன் வேலை. எவரெஸ்ட் உச்சியில் ஆக்சிஜனின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அங்கே மூச்சு வாங்குவது ஏன் என்று கேட்டால், அழுத்தம், பரவல் என்று இயற்பியல் பேசும். ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நான்கு இரும்பு அணுக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கிறது, முதலாவது ஏறிக்கொண்டால் அடுத்தவை ஏறுவது எளிதாகிறது என்று வேதியியல் சொல்லும். சமநிலை என்ற பாடம் ரத்தத்துக்குள் வேலை செய்யும் இடம் அது.

சரி, அந்த மூலக்கூறின் வடிவம் எப்படித் தெரிந்தது? வியன்னாவில் வேதியியல் படித்த மாக்ஸ் பெருட்ஸ் என்பவர் 1937-ல் கேம்பிரிட்ஜில் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஹீமோகுளோபின் படிகங்களில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறும் கோலத்தைப் படம்பிடித்து, கணக்குப் போட்டு வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பல ஆண்டுகள் வழி தெரியாமல் நின்றது. பிறகு மூலக்கூறோடு பாதரச அணுக்களை இணைத்து, இணைத்த படிகத்தையும் இணைக்காத படிகத்தையும் ஒப்பிடும் முறை கைகொடுத்தது. 1959-ல்தான் முழு மூலக்கூறின் வடிவம் தெளிந்தது. 1962-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் ஜான் கெண்ட்ரூவுக்கும் கிடைத்தது. கேள்வி உயிரியலின் கேள்வி, கருவி இயற்பியலின் கருவி, தந்திரம் வேதியியலின் தந்திரம்.

கதை அங்கே முடியவில்லை. அரிவாள் செல் ரத்தசோகை என்ற நோயில் சிவப்பணுக்கள் வளைந்து விறைத்துப்போகின்றன. அந்த நோயாளிகளின் ஹீமோகுளோபினே வேறுபட்டது என்று 1949-ல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். அந்த மூலக்கூறின் ஒரு சங்கிலியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் காரணம் என்று அடுத்த சில ஆண்டுகளில் வெர்னன் இங்ராம் கண்டுபிடித்தார். சரி, இவ்வளவு துன்பம் தரும் மரபணு ஏன் அழிந்துபோகவில்லை? பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அதைப் பெற்றவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கிறது என்று 1954-ல் அந்தோனி அலிசன் எடுத்துக்காட்டினார். அதனால்தான் மலேரியா மிகுந்த பகுதிகளில் அது நிலைத்திருக்கிறது. ஓர் அணுக்கூட்டத்தின் மாற்றத்திலிருந்து கொசு, புவியியல், பரிணாமம், நிகழ்தகவு என்று போகும் இந்தப் பாதையை மனப்பாடத்தால் கடக்க முடியாது.

இந்தக் கதையில் உங்கள் மனம் எந்த இடத்தில் நின்றது என்று கவனித்தீர்களா? எக்ஸ் கதிர் கோலத்திலிருந்து வடிவத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேட்கத் தோன்றியதா? பாதரசத்தை எப்படி இணைத்தார்கள் என்றா? அந்த நோயோடு வாழும் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்றா? எதைக் கேட்கத் தோன்றியதோ அதைக் குறித்து வையுங்கள். மதிப்பெண் சொல்லாத ஒரு செய்தி அதில் இருக்கிறது.

இனி கணிதம். அது அறிவியல் பாடம் இல்லையே என்பீர்கள். ஆனால் அறிவியல் பாடத் தேர்வில் பிற்பாடு அதிகம் வருத்தம் தருவது அதை விட்டுவிடும் முடிவுதான். கணிதம் படிப்படியாக ஏறுவது. இரண்டு வருடம் விட்டுவிட்டால், நின்ற படியிலிருந்து தனியாக ஏறித்தான் மற்றவர்களைப் பிடிக்க வேண்டும். இயற்பியல் எடுத்துவிட்டுக் கணிதத்தை விட்டவர்கள் இரண்டு மடங்கு கஷ்டப்படுகிறார்கள், ஏனென்றால் நுண்கணிதமும் வெக்டரும் இயற்பியல் வகுப்பிலேயே திடீரென்று வந்து நிற்கும். வேதியியலில் அமிலத்தன்மையைச் சொல்லும் பிஹெச் கணக்குக்கு மடக்கை (லாகரிதம்) வேண்டும். உயிரியல் ஆராய்ச்சி புள்ளியியல் இல்லாமல் ஒரு நாளும் நகராது.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் பட்டப்படிப்பில் படித்தது இயற்பியல். 1976-ல் முனைவர் பட்டம் பெற்றதும் இயற்பியலில்தான். அதன் பிறகு மறுபடியும் மாணவராகி உயிரியல் படித்தார். செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காக, தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் ஆகியோரோடு 2009-ல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். டிஎன்ஏ வடிவத்தைக் கண்ட இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும் இயற்பியல் படித்தவர்தான். கணிதமும் இயற்பியலும் படித்தவர்கள் பிற்பாடு உயிரியலுக்குப் போன பாதை நன்றாகத் தேய்ந்த பாதை. எதிர்த்திசையில் போனவர்கள் மிகக் குறைவு. அதனால் மனம் இரண்டு பக்கமும் ஆடுகிறவர்களுக்கு என் யோசனை: கணிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காகக் கணிதம் பிடிக்காத பிள்ளையைக் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. செடியையும் விலங்கையும் மனித உடலையும் விரும்புகிற ஒரு பிள்ளை, கணிதத்தின் முன்னால் தினமும் அழுகிறது என்றால், செவிலியர் படிப்பு, வனவியல், உளவியல் என்று அதற்கான வழிகள் இருக்கின்றன. அங்கேயும் புள்ளியியல் வரும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எதில் போவது என்றே தெரியாதவர்கள் வேதியியலை விடவேண்டாம் என்பேன். என் பாடம் என்பதற்காகச் சொல்லவில்லை. மருத்துவம், மருந்தியல், வேளாண்மை, உணவுத் தொழில்நுட்பம், பொருளறிவியல், வேதிப் பொறியியல் என்று ஒன்றுக்கொன்று தூரமான துறைகள் பலவற்றுக்கு அது அடிப்படை. உயிரியல் எடுத்துக்கொண்டு வேதியியலை விடுவது எனக்கு ஒப்புதல் இல்லாத சேர்க்கை. சுவாசம், ஒளிச்சேர்க்கை, நொதிகள் எல்லாம் வேதியியலாகவே வரும்போது அந்த மாணவர் வெறும் பெயர்களை விழுங்க வேண்டியதாகிவிடும்.

உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் எடுக்கலாமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். பிடித்திருந்தால் தாராளமாக எடுக்கலாம். ஆனால் கணினி வந்துவிட்டதால் மற்ற அறிவியல் தேவையில்லை என்ற எண்ணம் வேண்டாம். 2024-ல் வேதியியலுக்கான நோபல் பரிசில் ஒரு பாதி, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரலுக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போனது. ஜம்பர் படித்தது இயற்பியலும் கணிதமும், பிறகு கோட்பாட்டு வேதியியல். அந்த நிரல் கற்றுக்கொண்டதோ, பெருட்ஸ் காலம் தொட்டு ஆய்வுக்கூடங்களில் ஒவ்வொன்றாகக் கண்டறிந்து சேர்த்துவைத்த புரத வடிவங்களிலிருந்து.

எத்தனை அறிவியல் எடுப்பது என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் பாடங்களைத் தொகுப்பாகவே தருகிறார்கள். பிரிட்டனில் நம் மேல்நிலைக்கு இணையான ஏ-லெவல் மாணவர்கள் பெரும்பாலும் மூன்று பாடங்கள்தான் படிக்கிறார்கள். ஐபி டிப்ளமா என்ற பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் ஆறு பாடங்கள் உண்டு, அவற்றில் பொதுவாக மூன்றை ஆழமாகப் படிக்க வேண்டும். பாடங்கள் குறையக் குறைய, விட்டுவிடும் ஒவ்வொரு பாடத்தின் விலையும் கூடுகிறது. மூன்று அறிவியலோடு கணிதத்தையும் சேர்த்துச் சுமக்கிறவர்களும் உண்டு. படிப்பதற்கு நேரமும் உடல்நலமும் உள்ள பிள்ளைக்கு அது சரி. மற்றவர்களுக்கு இரண்டு அறிவியலும் கணிதமும் நன்றாகப் படிப்பதே மேல்.

மாணவர்களே, விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மேலே படிக்கும் அண்ணன், அக்கா யாரிடமாவது அந்தப் பாடநூலை வாங்குங்கள். முதல் பாடத்தைப் படிக்காதீர்கள், அது பெரும்பாலும் பழைய வகுப்பின் தொடர்ச்சியாகத்தான் இருக்கும். நடுவில் உள்ள ஒரு பாடத்தைத் திறந்து, அதில் தீர்த்துக் காட்டியிருக்கும் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு மாலை முழுவதும் முயன்று பாருங்கள். முழுக்கப் புரியாது. புரியாதபோது புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றுகிறதா, இன்னொரு முறை பார்க்கத் தோன்றுகிறதா என்பதைக் கவனியுங்கள். பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்துக்கும் இன்னொன்றுக்கும் இரண்டு, மூன்று மதிப்பெண் வித்தியாசம் இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நண்பர் எடுக்கிறார் என்பதும் காரணமாகாது.

பெற்றோர் ஒரு வேலை செய்யலாம். பிள்ளை மனதில் இருக்கும் இரண்டு, மூன்று மேற்படிப்புகளின் சேர்க்கை விதிகளை, உறவினர் சொன்னதை நம்பாமல், அந்தந்தக் கல்லூரியின் அறிவிப்பிலேயே படித்துப் பாருங்கள். எந்தப் பாடம் கட்டாயம், எது இருந்தால் நல்லது என்பதைத் தனித்தனியாக எழுதி வையுங்கள். அப்புறம் பள்ளியிலும் சிலவற்றைக் கேளுங்கள். செய்முறை வகுப்பு வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறது? பிள்ளைகள் தாங்களே செய்கிறார்களா, ஆசிரியர் செய்வதைப் பார்க்கிறார்களா? சேர்ந்த பிறகு பாடத்தை மாற்றிக்கொள்ள முடியுமா, எந்தத் தேதி வரை? அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால், பிள்ளையோடு உட்கார்ந்து, பாடங்கள் எப்படிப் போகின்றன என்று அதன் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். மாற்ற வேண்டும் என்று தோன்றினால் அப்போதே மாற்றிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.