கண்டது கற்கலாம், கதவு திறந்திருந்தால்

(நூலக வார விழாவில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே பஸ் ஏறி வந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, மகளிர் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, வர்த்தகர் சங்கச் செயலாளர் அவர்களே, மேடைக்கு அழைத்தும் வராமல் இரவல் பதிவேட்டோடு வாசலிலேயே நிற்கும் நம் நூலகர் அவர்களே, புரவலர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நகர்மன்றத் தலைவர் அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சென்ற மழைக்காலத்தில் நாளிதழ்ப் பகுதியின் கூரை ஒழுகியது. இந்த ஆண்டு மழைக்கு முன்பே ஆள் அனுப்பிச் சீர்செய்து தந்தார். தலைமையாசிரியை அம்மையார் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் அனைவரையும் உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார். அந்தப் பிள்ளைகள்தான் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். வர்த்தகர் சங்கம் புரொஜெக்டர் ஒன்றை நன்கொடையாக அளித்திருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

"படிக்கத்தக்க புத்தகங்கள், பார்க்கத்தக்க படங்கள்" என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இரண்டு செய்திகள் சொல்லலாம் என்று வந்தேன். கதையாகவும் படமாகவும் நமக்குக் கிடைத்த படைப்புகள் முதலாவது. பிற மொழியிலிருந்து வந்த நூல்கள் இரண்டாவது. "கண்டது கற்கப் பண்டிதன் ஆவான்" என்பது நம் பழமொழி. இதைப் படி, இதைப் படிக்காதே என்று பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுக்கிறவர்களிடம் நான் இந்தப் பழமொழியைத்தான் சொல்வது வழக்கம். ஆனாலும் ஒருவர் இன்னொருவரிடம் "இதைப் படித்துப் பாருங்கள்" என்று சொல்வதற்குத் தனி ஆற்றல் உண்டு. தமிழின் வரலாற்றையே அப்படி ஒரு பேச்சு மாற்றியிருக்கிறது.

1880ஆம் ஆண்டு. உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்பதால் ஊரில் நல்ல மதிப்பு. அப்போது சேலம் இராமசுவாமி முதலியார் அந்த ஊருக்கு முன்சீப்பாக வருகிறார். ஐயர் போய்ப் பார்க்கிறார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்றால் யாராயிருந்தாலும் எழுந்து வரவேற்பார்கள் அல்லவா? முதலியாரோ சிறிதும் அசையவில்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கிறார். ஐயர் அந்தாதிகளை அடுக்குகிறார், கலம்பகங்களை அடுக்குகிறார், பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று சொல்லிக்கொண்டே போகிறார். இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்கிறார் முதலியார்! பட்டியல் பெரிய நூல்களுக்குப் போகிறது. நைடதம் வருகிறது, கம்பராமாயணம் வருகிறது. கம்பனைச் சொன்னால் எவர் முகமும் மலரும். முதலியார் முகம் மலரவில்லை. சரி, இவற்றுக்கு முந்திய நூல்களைப் படித்திருக்கிறீர்களா என்கிறார். முந்திய நூல்கள் எவை என்று ஐயர் கேட்க, சீவகசிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று பெயர்கள் வருகின்றன. அத்தனை தமிழ் கற்ற அந்த இளைஞர் அவற்றில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை. புத்தகம் கிடைக்கவில்லை, கிடைத்தால் படித்துவிடுவேன் என்று ஐயர் துணிவோடு பதில் சொல்கிறார்.

அந்த பதிலுக்குப் பிறகுதான் முதலியார் நிமிர்ந்து உட்கார்கிறார். தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுக்கிறார். ஐயர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரிக்கிறார், பொருள் விளங்கவில்லை! சமண நூலாயிற்றே, சமணர்களையே கேட்போம் என்று கும்பகோணத்தில் இருந்த சமணர் வீட்டுக்குப் போய் உட்காருகிறார். கேட்கிறார், எழுதுகிறார், மறுபடி கேட்கிறார். ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைகிறார். 1887இல் சீவகசிந்தாமணி அச்சில் வருகிறது. அதன்பின் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று வரிசையாக வந்த கதை உங்களுக்குத் தெரியும். முன்சீப் ஒருவர் தம் வீட்டில் வைத்துக் கேட்ட கேள்வி இத்தனையும் செய்தது. இதை உ.வே.சா. தம் தன்வரலாறான "என் சரித்திரம்" நூலில் தம் வாயாலேயே சொல்கிறார். முன்வரிசைப் பிள்ளைகளே, நான் பரிந்துரைக்கும் முதல் புத்தகம் அதுதான். தடிமனைப் பார்த்து அஞ்ச வேண்டாம். வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது, அத்தியாயங்கள் சிறியவை.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். "புத்தகம் கிடைக்கவில்லை" என்றார் ஐயர். கொடுக்க முதலியார் இருந்தார். புத்தகம் கையில் இல்லாதபோது பரிந்துரை எவ்வளவு உயர்ந்ததாக இருந்து என்ன? இதற்கு மீண்டும் வருகிறேன்.

முதல் செய்திக்கு வருவோம். ஜெயகாந்தன் 1966இல் ஆனந்த விகடனில் "அக்கினிப் பிரவேசம்" என்ற சிறுகதையை எழுதினார். மழையில் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி, வெளியே ஒரு சொல் போகாமல் காக்கிறாள். கதைக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஜெயகாந்தன் பின்வாங்கவில்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊர் கூடும்படி அலறியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்று ஒரு முழு நாவலையே எழுதினார். அதுதான் "சில நேரங்களில் சில மனிதர்கள்". 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பீம்சிங் இயக்கத்தில் 1977இல் படமாக வந்தது. கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. முதலில் சிறுகதை, பிறகு நாவல், பிறகு படம் என்ற வரிசையில் செல்லுங்கள். தாய் ஒருத்தி வாயை மூடிக்கொள்வதற்கும் திறப்பதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை இந்த மூன்றும் சேர்ந்து காட்டுவதுபோல் நான் வேறெங்கும் கண்டதில்லை. தாய்மார்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். தந்தையர் கட்டாயம் படிக்க வேண்டும்.

புதுமைப்பித்தனின் "சிற்றன்னை" சிறிய நூல், ஒரே மாலையில் முடித்துவிடலாம். மகேந்திரன் அதிலிருந்து கருவை மட்டும் எடுத்துக்கொண்டு 1979இல் "உதிரிப்பூக்கள்" படத்தை எடுத்தார். படத்தை முதலில் பார்த்துவிட்டு நூலுக்கு வந்தாலும் தவறில்லை. பூமணியின் "வெக்கை" கரிசல் மண்ணின் நாவல். கொலை செய்துவிட்டுத் தந்தையோடு தலைமறைவாகத் திரியும் சிறுவனின் கதை. வெற்றிமாறன் அதை 2019இல் "அசுரன்" ஆக்கினார். படத்தில் தந்தையின் இளமைக்காலம் பெரிதாக விரிகிறது. நாவலில் மகனே கண்முன் நிற்கிறான். எனக்கு நாவல்தான் பிடிக்கும். சண்டையைவிட, ஒளிந்திருக்கும் காட்டில் தகப்பனும் மகனும் எதைச் சமைத்துத் தின்றார்கள் என்பதைப் பூமணி எழுதும் விதம் மனத்தில் நிற்கிறது.

தண்ணீரைப் பற்றி இரண்டு படைப்புகள். அசோகமித்திரனின் "தண்ணீர்" நாவலில் சென்னைத் தெரு ஒன்று குடத்தோடு காத்து நிற்கிறது. அந்த வரிசையில்தான் ஜமுனாவின் வாழ்க்கையும் நிற்கிறது. கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து கே.பாலசந்தர் 1981இல் எடுத்த "தண்ணீர் தண்ணீர்" படத்தில் அத்திப்பட்டி என்ற கிராமமே தவிக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்டுங்கள். கண்டது கற்கப் பண்டிதன் ஆவான் என்பதில் படம் பார்ப்பதையும் நான் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது செய்திக்கு ஒரு நூலோடு நிறுத்திக்கொள்கிறேன். மருத்துவர் பி.எச்.டேனியல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் துயரத்தை ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். இரா.முருகவேள் அதை "எரியும் பனிக்காடு" என்று தமிழில் தந்தார். பாலாவின் "பரதேசி" படம் அதைத் தழுவியது. நாளைக் காலை தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும்போது இந்த நூல் நினைவுக்கு வரட்டும்.

அன்பர்களே, இவற்றில் பெரும்பாலான நூல்கள் இந்தக் கட்டடத்திலேயே, அடுத்த அறையில் இருக்கின்றன. ஆனால் நம் நூலகம் மாலை ஏழு மணிக்குப் பூட்டப்படுகிறது. துணிக்கடையில் நிற்கும் பெண் வேலை முடிந்து வெளியே வருவது எட்டரைக்கு. மில் ஷிப்டு முடிந்து வரும் இளைஞர் பஸ்ஸை விட்டு இறங்குவது எட்டுக்கு. இவர்களிடம் போய் ஜெயகாந்தனைப் படியுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.இரங்கநாதன் 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எழுதினார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. அந்த முதல் விதியை விளக்கும்போதே நூலகம் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எந்நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைப் பேசிவிடுகிறார். அதே 1931இல்தான் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். உழைக்கிறவன் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் அவனிடம் போக வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். நாம் வண்டி கட்டக்கூட வேண்டாம், விளக்கை அணைக்காமல் இருந்தால் போதும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். 1948இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, இந்த மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் இயற்றிய முதல் மாநிலம் நாம்தான். அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வாங்கப்படுகிறது. இன்று ரூபாய்க்குப் பத்து பைசா. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி தனி வரியாக இருக்கும். நீங்கள் ஒவ்வொருவரும் கட்டியிருக்கிறீர்கள். கடையில் நிற்கும் அந்தப் பெண்ணின் வீட்டுக்காரரும் கட்டியிருக்கிறார். அந்தப் பணம் வசூலான காலத்திலேயே முழுமையாக நூலகத்துக்கு வந்து சேர்ந்தால், மாலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓர் ஊழியரை அமர்த்துவது முடியாத காரியமா? நம் நூலகர் ஒருவரே காலையிலும் மாலையிலும் நிற்கிறார். அவர் மீது இன்னும் சுமை ஏற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இன்னொருவரைத் தாருங்கள் என்று கேட்கிறேன்.

கண்டது கற்கப் பண்டிதன் ஆவான் என்றோம். பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பவன் எதைக் காண்பான்?

இப்போது புரொஜெக்டர். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை, உரியவர்களிடம் அனுமதி பெற்று, ஒரு படம் திரையிடுவோம். அந்தப் படத்துக்கு மூலமான நூலின் பிரதிகளை அன்றைக்கே இரவல் மேசையில் அடுக்கி வைப்போம். படம் முடிந்து வெளியே வருகிறவர் கையில் நூலோடு போக வேண்டும். முதல் மாதம் "உதிரிப்பூக்கள்" வைக்கலாம் என்பது என் விருப்பம். "சிற்றன்னை" பிரதிகள் வாங்கித் தரப் புரவலர்கள் இருவர் இங்கேயே என்னிடம் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அவர்களுக்கு என் நன்றி.

வார நாள்களில் இரவு ஒன்பது மணி வரை நூலகம் திறந்திருக்க வேண்டும், நூலக வரி நிலுவையின்றி வந்து சேர வேண்டும் என்று இரண்டே கோரிக்கைகள் கொண்ட மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், முகவரி, உறுப்பினர் எண் எழுதிக் கையெழுத்திடுங்கள். உறுப்பினர் அல்லாதவர்களுக்குப் பக்கத்திலேயே சேர்க்கைப் படிவம் இருக்கிறது. இன்றே சேர்ந்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். விழா முடிந்ததும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களிடம் ஒரு பிரதியும், நகர்மன்றத் தலைவர் அவர்களிடம் ஒரு பிரதியும் இந்த மேடையிலேயே கொடுக்கப்போகிறோம். அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைக்க வேண்டும் என்று தலைவர் அவர்களை உங்கள் அனைவர் சார்பிலும் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.