குப்பைமேட்டுக்குள் இருக்கும் தண்ணீர்

எல்லோருக்கும் வணக்கம்.

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். கொழும்பை ஒட்டிய மீதொட்டமுல்லையில் பல ஆண்டுகளாகக் கொட்டிக் கொட்டி உயர்ந்திருந்த குப்பைமலை, அன்று பிற்பகலில் சரிந்து அடிவாரத்து வீடுகளின் மேல் விழுந்தது. பண்டிகைக்காக வீட்டில் கூடியிருந்தவர்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

குப்பை ஏன் சரிகிறது? முக்கியமாகத் தண்ணீரால்தான். மேலே பெய்கிற மழை உள்ளே இறங்குகிறது. நாம் போடும் சோறும் காய்கறித் தோலும் ஏற்கெனவே பாதிக்கு மேல் தண்ணீர். எடை கூடுகிறது, உள்பிடிமானம் தளர்கிறது. சரியாத மேட்டிலும் அந்தத் தண்ணீர் சும்மா இருப்பதில்லை. பேட்டரி, பெயின்ட் டப்பா, மருந்து எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு கறுப்புச் சாறாக அடியில் இறங்குகிறது.

சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கை நினைத்துப் பாருங்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே கொட்டப்பட்டது. அடியில் கெட்டிப்படுத்திய களிமண் தளமும் இல்லை, பிளாஸ்டிக் விரிப்பும் இல்லை. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் அந்தச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகிறது. பூநாரைகள் வந்து நிற்கிற இடம் அது. 2022இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதே 2022 ஏப்ரல் கடைசியில்தான் பக்கத்துக் கிடங்கில் தீப்பிடித்து, நாள்கணக்கில் புகைந்தது. காற்றுப் புகாத ஆழத்தில் அழுகும் குப்பையிலிருந்து மீத்தேன் என்ற எரியும் வாயு வருகிறது. மேலே தண்ணீர் அடித்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

சரி, முறையான கிடங்கு எப்படி இருக்க வேண்டும்? 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகவே சொல்லின. அடியில் 90 சென்டிமீட்டர் கெட்டியான களிமண், அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விரிப்பு, சாற்றை வடித்துச் சுத்திகரிக்கக் குழாய்கள். அன்றன்று கொட்டியதை அன்றன்றே மண்போட்டு மூட வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் 40 முதல் 65 சென்டிமீட்டர் வரை மண் மூட வேண்டும். இந்த மண்மூடல் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. செலவு பெரிதில்லை, ஆனால் தினமும் செய்தால்தான் பலன். ஈயும் நாற்றமும் மழைநீரும் ஒரே வேலையில் கட்டுப்படும்.

ஆனால் அதே விதிகளில் இன்னொன்றும் இருந்தது. மக்குவதும் மறுசுழற்சிக்கு ஆவதும் கிடங்குக்கே போகக் கூடாது. வேறெதற்கும் ஆகாத மிச்சம் மட்டுமே போகலாம். நம் ஊர்க் குப்பையில் ஏறக்குறைய பாதி மக்கும் குப்பை. அதை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினால் எந்த விரிப்பும் எந்தக் குழாயும் தாங்காது.

பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் 'பயோமைனிங்' வேலை நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். மண் தனி, கல் தனி, பிளாஸ்டிக் தனி. அந்த பிளாஸ்டிக் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. நல்ல வேலைதான். ஆனால் வீட்டு வாசலில் இரண்டு தொட்டியில் முடிந்திருக்க வேண்டிய வேலையை, அழுகி ஒன்றாகிவிட்ட பிறகு இயந்திரம் வைத்துச் செய்கிறோம். அதற்கு முன்னால் அதைக் கையால் கிளறியவர்கள் தூய்மைப் பணியாளர்களும் குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களும். உடைந்த கண்ணாடியையும் ஊசியையும் தாளில் சுற்றாமல் போடும்போது, அவர்கள் கைதான் கிழிகிறது.

அப்புறம் ஒன்று. கிடங்கை மூடிவிட்டால் கணக்கு முடிந்துவிடாது. மூடிய பிறகும் 15 ஆண்டுகளுக்குக் கண்காணிக்க வேண்டும், சுற்றியுள்ள நிலத்தடி நீரைச் சோதிக்க வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்லின. பக்கத்தில் குடியிருப்பவர்கள் உங்கள் வார்டில் மக்களுக்காக நடக்கும் அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போங்கள். நம் போர்வெல் தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள், முடிவு என்ன என்று எழுதிக் கேளுங்கள்.