காவலருக்குப் பயிற்சி, நோயாளிக்கு இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

மனநோயின் உச்ச வேதனையில் ஒருவர் கையில் கத்தியோடு வாசலில் நிற்கும்போது, பதறிப்போன குடும்பம் பெரும்பாலும் அழைப்பது காவல்துறையைத்தான். வருகிற காவலரோ உரத்த குரலில் ஆணையிடவும், பணியாதவரை உடனே அடக்கவும் பழகியவர். காதில் வேறு குரல்கள் ஒலித்துக்கொண்டிருப்பவருக்கு அந்த ஆணை எட்டாமலே போகலாம். அதை எதிர்ப்பென்று காவலர் எடுத்துக்கொண்டால் ஓர் உயிர் போய்விடக்கூடும்.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987இல் அப்படித்தான் மனநோயால் துன்புற்ற இளைஞர் ஒருவர் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். மக்கள் கொதித்தெழுந்த பிறகு, காவல்துறையும் மனநல வல்லுநர்களும் நோயாளிகளின் குடும்பத்தாரும் ஒன்றுகூடி, 1988இல், இத்தகைய அழைப்புகளுக்குச் செல்லச் சிறப்புப் பயிற்சி பெற்ற காவலர்களைக் கொண்ட நெருக்கடித் தலையீட்டுக் குழுவை உருவாக்கினார்கள். நோய்க்குறிகளை அறிவது, குரலைத் தாழ்த்துவது, விலகி நிற்பது, அவசரப்படாமல் பேச்சை வளர்ப்பது, நோயோடு வாழ்பவர்களின் அனுபவத்தை நேரில் கேட்பது எனப் பயிற்சி 40 மணி நேரம். அதற்குத் தாமாக முன்வந்த காவலர்களே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பொறுமையை யார்மீதும் திணிக்க முடியாது என்பதால் அது மிகச் சரியான முடிவென்றே நான் கருதுகிறேன்.

அந்த ஏற்பாட்டின் மறுபாதியை அதிகம் பேர் பேசுவதில்லை. காவலர் அழைத்துவரும் எவரையும் திருப்பி அனுப்பாமல் ஏற்றுக்கொள்ளும் மனநல அவசரப் பிரிவு அந்நகரில் இருந்தது. பயிற்சியைப் பின்பற்றிய பல இடங்களில் அத்தகைய பிரிவுக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. ஒரு வார வகுப்புக்கு ஆகும் செலவு சிறிது. இரவும் பகலும் மருத்துவரும் செவிலியரும் இருக்க ஆண்டுதோறும் ஆகும் செலவு பெரிது. பணம் இல்லாத இடத்தில், கனிவாகப் பேசி ஒருவரை அமைதிப்படுத்திய காவலர், பொது மருத்துவமனையில் மணிக்கணக்கில் காத்திருக்கிறார், அல்லது வேறு வழியின்றிச் சிறைக்கு அழைத்துச் செல்கிறார்.

பயிற்சி காவலரின் அறிவையும் மனப்பான்மையையும் மேம்படுத்துகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. காயங்களும் மரணங்களும் குறைகின்றன என்பதற்கோ அவ்வளவு உறுதியான சான்று இல்லை. இதைக் கேட்டுப் பயிற்சியைக் கைவிடச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. பாதி ஏற்பாட்டிலிருந்து முழுப் பலனை எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஆயுதமோ ஆபத்தோ இல்லாத அழைப்புகளுக்குக் காவலரே போக வேண்டியதுமில்லை. அமெரிக்காவின் டென்வர் நகரில் 2020 முதல் மனநலப் பணியாளரும் மருத்துவ உதவியாளரும் சேர்ந்து அத்தகைய இடங்களுக்குச் செல்கிறார்கள். ஆகவே, பயிற்சிக்கு நிதி கேட்டு வரும் ஒவ்வொரு முன்மொழிவிலும், நடமாடும் குழு, அவசரப் படுக்கை, வீடு திரும்பியபின் தொடர் சிகிச்சை ஆகியவற்றுக்கான தொகையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், அதைச் சேர்த்த பிறகே ஒப்புதல் தருமாறு உங்கள் பிரதிநிதிகளை வற்புறுத்துங்கள்.